வட்டவளையிலிருந்து வந்த நான்கு வரிச் செய்தி

வட்டவளையில் மழை பெய்யாத ஒரு நாளை நினைவுபடுத்திச் சொல்வது கடினம். ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை விழும் ஊர் அது. இலங்கைத் தீவிலேயே மழை மிகக் கூடிய இடங்களுள் ஒன்று. நாவலப்பிட்டியிலிருந்து ஏறும் புகையிரதம் கலபொடையைக் கடந்து வட்டவளை நிலையத்தில் நிற்கும்போது, பெட்டியின் கண்ணாடிக்கு அப்பால் தேயிலை மலை இருக்கிறதா, மேகம் இருக்கிறதா என்று பிரித்தறிய முடியாது. எண்பதுகளின் தொடக்கத்தில் கொழும்புத் தமிழ் நாளிதழ் ஒன்றின் ஆசிரிய பீடத்தில் நான் உதவி ஆசிரியனாக இருந்த காலத்தில், மலையகச் செய்திகள் பெரும்பாலும் தபாலில்தான் வந்தன. வட்டவளைப் பக்கத்து நிருபரின் கடிதம் மட்டும் எப்போதும் மை கலைந்து வந்து சேரும். அதைச் சொல்லி நாங்கள் சிரித்துக்கொள்வோம்.

அப்படி வந்த கடிதமொன்றில் நான்கு வரிச் செய்தி இருந்தது. தோட்டமொன்றைச் சேர்ந்த பத்தொன்பது வயதுப் பெண் நஞ்சருந்தி வைத்தியசாலையில் மரணமானார். மரண விசாரணை நடந்தது. அவ்வளவே. பக்கத்தில் ஓர் அங்குல இடம் மீந்திருந்தது. "காதல் விவகாரமே காரணமென நம்பப்படுகிறது" என்று ஐந்தாவது வரியொன்றை நான் சேர்த்தேன். அந்தக் காலத்தில் இத்தகைய செய்திகளுக்கு அது ஏறக்குறைய அச்சடித்து வைத்திருந்த வாசகம். யார் நம்பினார்கள் என்று ஆசிரிய பீடத்தில் எவரும் என்னைக் கேட்கவில்லை.

கேட்டவர் அந்தப் பெண்ணின் தந்தை. மூன்று வாரங்களின் பின் இரவு ரயிலில் வந்து, காலையில் அலுவலக விறாந்தையில் நின்றார். பத்திரிகைத் துண்டைச் சட்டைப் பையில் நான்காக மடித்து வைத்திருந்தார். "இத யாருங்க ஐயா சொன்னது?" என்றார். சண்டைக்கு வந்தவரின் குரல் அல்ல அது. தெரிந்துகொள்ள வந்தவரின் குரல். மறுப்புச் செய்தி போடலாம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். வேண்டாம் என்றார், மறுபடியும் பிள்ளையின் பேர் பேப்பரில் வரும் என்றார். தேநீரைக் குடித்துவிட்டுப் புறப்படும்போது, என்னிடம் என்றுகூடச் சொல்ல முடியாது, தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னார்: "அந்த மாசத்துல மூணு தரம் டிஸ்பென்சரிக்குப் போனா. தலவலின்னு சொல்லித்தான் போனா."

இந்த வாக்கியத்தை நான் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். மூன்று தடவை ஒருவர் வைத்தியத்தின் வாசலுக்கு வந்திருக்கிறார். அந்த வாசலில் நின்றவருக்கு அறிய வழி இருந்ததா? ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ளும் நிலையில் இருக்கிறாரா என்பதை மருத்துவம் எவ்வாறு கணிக்க முயன்றது, அந்தக் கணிப்பு எங்கே தோற்றது, உயிர்களை உண்மையில் காத்தது எது என்பதையெல்லாம் ஓய்வுபெற்ற பிறகுதான் பொறுமையாகத் தேடிப் படித்தேன்.

முதலில் நாட்டின் கணக்கு. 1950ஆம் ஆண்டில் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஆறு அல்லது ஏழு பேர் தற்கொலை செய்துகொண்டனர். 1995இல் அது 47 ஆயிற்று. நாற்பத்தைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ ஏழு மடங்கு. அன்றைய உலகின் மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்று. போரின் மரணங்களை நாளுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்த பத்திரிகைகளாகிய நாங்கள், இந்த மரணங்களை உட்பக்கங்களில் நான்கு வரியாகக் கடந்து போனோம். 1985இல் ரொபேர்ட் கேர்னி, பார்பரா மில்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த ஏற்றத்தைச் சமூக மாற்றத்துடன் இணைத்து எழுதினர்: பெருகிய மக்கள்தொகை, படித்தும் வேலையற்ற இளைஞர், ஊர் விட்டு ஊர் பெயர்ந்த குடும்பங்கள். அவை உண்மைதான். ஆனால் அதே காலத்தில் இன்னொன்றும் நிகழ்ந்தது. பசுமைப் புரட்சியோடு வந்த பூச்சிகொல்லியும் களைகொல்லியும் வயல் வீடுகளின் கூரை இறவாணத்திலும், தோட்டத்து லயக் காம்பராக்களின் மூலையிலும் குடியேறின. துயரம் எந்தக் காலத்திலும் இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இருந்தது இந்தத் தலைமுறையில்தான்.

தோட்டத்தின் மருத்துவ வரலாறு தனியானது. 1872இல் பிரித்தானியர் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தனர். கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்தவர்கள் வழியிலும் லயத்திலும் கொத்துக்கொத்தாக மடிந்த காலம் அது. சாகிற கூலி வேலைக்கு உதவமாட்டான் என்ற கணக்கும் அந்தக் கருணைக்குள் இருந்தது. மறு ஆண்டே, 1873இல், சித்தப்பிரமை பிடித்தோருக்கான கட்டளைச் சட்டம் வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். உடல் நோய்க்குத் தோட்டத்தருகே மருந்துச்சாலை. மன நோய்க்கோ நீதிமன்றமும், பூட்டிய வண்டியும், கொழும்பும். 1926இல் அங்கொடையில் பெரிய மனநோய் வைத்தியசாலை எழுந்த பின், "அங்கொடை" என்ற ஊர்ப்பெயரே மூன்று மொழியிலும் வசைச் சொல்லாகிவிட்டது. மலையகத்தில் நான் அதைக் குழந்தைகள் வாயிலும் கேட்டிருக்கிறேன். மனம் சரியில்லை என்று ஒருவர் வாய் திறந்து சொல்வதற்குத் தடையாக அந்த ஒரு சொல் போதும்.

போதாததற்குத் தண்டனைச் சட்டக் கோவையின் 302ஆம் பிரிவு இருந்தது. தற்கொலைக்கு முயன்று உயிர் தப்பியவர் குற்றவாளி. ஓராண்டு வரை சிறை விதிக்கலாம். நடைமுறையில் சிறை சென்றோர் அரிது என்றாலும், வார்ட்டுக்குள் கட்டிலருகே பொலிஸ்காரர் வந்து வாக்குமூலம் எழுதுவது வழக்கமாக இருந்தது. அந்த நிலையில் எந்த நோயாளி உண்மை சொல்வார்? "மருந்தென்று நினைத்து மாறிக் குடித்துவிட்டேன்" என்பார். வைத்தியரும் தாதியும் அதை அப்படியே எழுதிக்கொள்வர். தெரியாமல் அல்ல, இரக்கத்தால். வயிற்றைக் கழுவி, உயிர் மீண்டால், மூன்றாம் நாள் வீடு. எதற்காகச் செய்தாய் என்ற கேள்வியைக் கேட்பதே நோயாளியைக் காட்டிக்கொடுப்பதாக இருந்த காலத்தில், ஆபத்தைக் கணிப்பது என்ற பேச்சுக்கு ஏது இடம்? 1997இல் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க தற்கொலைத் தடுப்புக்கென ஒரு குழுவை அமைத்தார். 1998இல் அந்தச் சட்டப்பிரிவு நீக்கப்பட்டது. இந்தியாவில் இதற்கு நிகரான 309ஆம் பிரிவின் கடுமை 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தால் தளர்ந்து, 2024 ஜூலையில் புதிய சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்தபோதுதான் ஏட்டிலிருந்து அகன்றது. இந்த ஒரு விடயத்தில் இலங்கை கால் நூற்றாண்டு முந்திக்கொண்டது என்பதை நம்மவர்கள் அதிகம் சொல்லிக்கொள்வதில்லை.

மேல்நாட்டில் இதே காலத்தில் வேறொரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. அங்கே வைத்தியர்களும் இருந்தனர், கேள்வி கேட்கத் தடையும் இல்லை. ஆகவே அவர்கள் கணிப்பை ஓர் அறிவியலாக்க முனைந்தனர். 1974இல் அமெரிக்க உளமருத்துவர் ஆரன் பெக்கும் அவருடைய குழுவினரும், முயன்று தப்பியவரின் எண்ணம் எவ்வளவு தீவிரமாக இருந்தது என்பதை மதிப்பெண்ணால் அளக்க ஓர் அளவுகோலை உருவாக்கினர். அதன் பின் அளவுகோல்கள் பல. வயது, பால், தனிமை, குடி, முன்னைய முயற்சி, குடும்பத்தில் நேர்ந்தது எனக் கூட்டிக் கழித்து, இவர் பெரிய ஆபத்தில், அவர் சிறிய ஆபத்தில் என்று படிவத்தில் குறிப்பார்கள்.

இதைப் பரீட்சித்துப் பார்த்தவர் அலெக்ஸ் பொகோர்னி. ஹூஸ்டன் நகரில் முன்னாள் படைவீரருக்கான வைத்தியசாலையில், உளமருத்துவ வார்ட்டில் சேர்ந்த 4,800 பேரைத் தொடர்ச்சியாகப் பரிசோதித்து, பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார். 1983இல் வெளியான அவருடைய முடிவுகளை நான் இரண்டு முறை படித்தேன். முதல் முறை நம்ப முடியவில்லை. அந்த 4,800 பேரில் 67 பேர் பிற்பாடு தற்கொலை செய்துகொண்டனர். ஆபத்து மிக்கோர் என்று முன்கூட்டி வகுக்கப்பட்ட 803 பேரில் அவ்வாறு இறந்தவர்கள் 30 பேர் மட்டுமே. மீதி 37 பேரும் ஆபத்து குறைந்தோர் என்று கருதப்பட்டவர்களுள் இருந்தார்கள். அதாவது, பெரும்பாலான மரணங்கள் படிவம் ஆறுதல் சொன்ன இடத்திலேயே நிகழ்ந்தன. வைத்தியர் கவனக்குறைவானவர் என்பதல்ல இதன் பொருள். அரிதாக நிகழும் ஒன்றை முன்னறிவிப்பது அவ்வளவு கடினம். அதிலும் தற்கொலை எண்ணம் நாளுக்கு நாள், மணிக்கு மணி ஏறி இறங்குவது. காலை பத்து மணிக்கு நிரப்பிய படிவம் மாலை மழையை அறியாது. 2017இல் ஐம்பது ஆண்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த இன்னோர் அமெரிக்கக் குழுவும், இந்தக் கணிப்புகள் நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சிறிதே மேல் என்று கண்டது. பிரித்தானியாவின் தேசிய வழிகாட்டல் நிறுவனம் 2022இல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது: எதிர்காலத் தற்கொலையை முன்னறியவோ, யாருக்குச் சிகிச்சை கொடுப்பது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கவோ இத்தகைய அளவுகோல்களைப் பயன்படுத்தாதீர்கள், அந்த மனிதரின் தேவை என்ன என்று கேளுங்கள்.

அப்படியானால் இலங்கையில் உயிர்களைக் காத்தது எது? விடை ஒரு வைத்தியசாலையிலிருந்து வரவில்லை. பேராதனையில் இருந்த பூச்சிகொல்லிப் பதிவாளரின் அலுவலகத்திலிருந்து வந்தது. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் அந்த அலுவலகத்துக்கு அதிகாரம் தந்திருந்தது. 1984இல் தொடங்கி, மிகக் கொடிய நஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்டன. உலக சுகாதார நிறுவனம் முதல் வகுப்பு என்று பிரித்துவைத்த எஞ்சிய நஞ்சுகளை 1995இல் நிறுத்தினர். 1998இல் இன்னொன்று. 2008க்கும் 2011க்கும் இடையில் மேலும் மூன்று. (அவற்றின் பெயர்களை வேண்டுமென்றே எழுதாமல் விடுகிறேன். பத்திரிகைக்காரன் பிந்திக் கற்ற பாடம் அது.) 1995இல் 47ஆக இருந்த விகிதம் 2005இல் பாதியாயிற்று, 2015இல் ஏறத்தாழ 14. இந்தத் தடைகளால் இருபது ஆண்டுகளில் 93,000 உயிர்கள் காக்கப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. நெல் விளைச்சல் இதனால் குறையவும் இல்லை.

இதற்கு முன்னுதாரணம் பிரித்தானியாவில் உண்டு. வீட்டு அடுப்புக்கு வந்த நிலக்கரி வாயுவின் நச்சு, எரிவாயு மாற்றத்தால் படிப்படியாக நீங்கிய 1963க்கும் 1975க்கும் இடையில், இங்கிலாந்திலும் வேல்சிலும் ஆண்டுத் தற்கொலைகள் 5,714இலிருந்து 3,693ஆகக் குறைந்தன. வழி அடைபட்டால் வேறு வழி தேடுவார்கள் என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். பலர் தேடவில்லை. இலங்கையின் கிராமப்புற வைத்தியசாலைகளில் உயிர் தப்பியோரிடம் கேட்டபோது, அவர்களில் பாதிப்பேர் அரை மணி நேரம்கூட யோசித்திருக்கவில்லை. கையில் கிடைத்ததை எடுத்திருந்தனர், அதன் கொடுமை தெரியாமலே. உயிர் போவதும் தங்குவதும் எண்ணத்தின் ஆழத்தால் அன்றி, கையில் கிடைத்த பொருளின் தன்மையால் தீர்மானிக்கப்பட்டது. ஆகவே அந்தப் பத்தொன்பது வயதுப் பெண் "உண்மையாகவே" சாக விரும்பினாளா என்று கேட்பதில் பொருளில்லை. அவள் விரும்பியது அந்த மாலைப் பொழுது முடியவேண்டும் என்பதாக இருந்திருக்கலாம்.

தோட்ட நிர்வாகங்கள் இந்தத் தடைகளை விரும்பி வரவேற்றன என்று சொல்ல முடியாது. மருந்தடிப்பது களை பிடுங்க ஆள் வைப்பதைவிட மலிவு. 2015இல் வேறொரு களைகொல்லியைச் சிறுநீரக நோய் அச்சத்தால் அரசு தடைசெய்தபோதும், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் அது மீண்டும் அனுமதிக்கப்பட்டது நினைவிருக்கலாம். அது தனிக்கதை.

இரண்டாவது விடை, தமிழர் பெருமைப்படத்தக்க வகையில், பாதி சென்னையிலிருந்தும் பாதி கொழும்பிலிருந்தும் வந்தது. சென்னையில் 1986இல் "சினேகா" அமைப்பைத் தொடங்கிய உளமருத்துவர் லட்சுமி விஜயகுமார் பங்குகொண்ட, உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அது. சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து இடங்களில், முயன்று தப்பி அவசர சிகிச்சைக்கு வந்த 1,867 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு வழமையான சிகிச்சை. மற்றப் பிரிவினருடன் வீட்டுக்கு அனுப்புமுன் ஒரு மணி நேரம் பேசினார்கள். அதன்பின் பதினெட்டு மாதங்களில் ஒன்பது தடவை தொலைபேசியிலோ வீடு தேடிச் சென்றோ நலம் விசாரித்தார்கள். விலையுயர்ந்த மருந்தில்லை, படிவத்தில் மதிப்பெண்ணும் இல்லை. பதினெட்டு மாத முடிவில், வழமையான சிகிச்சை பெற்றோரில் 2.2 சதவீதத்தினர் தற்கொலையால் இறந்திருந்தனர், விசாரிக்கப்பட்டோரில் 0.2 சதவீதத்தினர். 2008இல் இது வெளியாயிற்று. 1974இல் ஜோன் டி மெல் கொழும்பில் "சுமித்திரயோ"வைத் தொடங்கியபோது, காது கொடுத்துக் கேட்பதால் என்ன ஆகும் என்று சிரித்தவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்த எண்களைக் காட்டலாம்.

சில ஆண்டுகளின் பின் அட்டனில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தபோது, ஓய்வுபெற்ற தோட்டத்து மருந்துச்சாலைக்காரர் ஒருவரைச் சந்தித்தேன். வட்டவளைப் பக்கத்தில் வேலை செய்தவர் அல்லர், வேறு தோட்டம். தலைவலிக் கதையை அவரிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "எல்லாருமே தலவலின்னுதாங்க ஐயா வருவாங்க. நெஞ்சு எரியுதும்பாங்க, கை கால் ஒளைச்சலும்பாங்க. மனசு சரியில்லன்னு யாரும் வந்து சொன்னதில்ல. நானும் மொதல்ல மாத்திரயக் குடுத்துருவேன். ரெண்டாந் தரமும் அதே தலவலியோட வந்தா, மாத்திரய மேசையில வச்சுக்கிட்டு, வீட்டுல என்னம்மா சங்கதின்னு கேப்பேன். மாத்திர என் கையில இருக்கிற வரைக்கும் போகமாட்டாங்கல்ல, ஒக்காந்து பேசுவாங்க."

எந்தப் பாடநூலிலும் அவர் இதைப் படித்திருக்க முடியாது. இரண்டாவது முறை அதே நோவோடு வருபவரைக் கவனி, அவசரப்படாமல் கேள், அவர் மொழியில் கேள். இதற்கு மேலான ஒரு கணிப்பு முறையை நான் படித்த ஆங்கில நூல்களில் காணவில்லை. நேரடியாகவே கேட்பதும் தவறல்ல. "உயிரோடு இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறதா?" என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்ற பழைய பயத்துக்கு ஆதாரம் இல்லை என்பது இன்று நன்கு நிறுவப்பட்டுள்ளது. பலருக்கு அந்தக் கேள்வியே முதல் ஆறுதல்.

மலையகத்துக்குப் பாதி கிடைத்துவிட்டது. கொடிய நஞ்சு கடைகளிலிருந்து போய்விட்டது. மறுபாதிதான் மெல்ல வருகிறது. 2005இல் வந்த தேசிய மனநலக் கொள்கை, சிகிச்சையை அங்கொடையிலிருந்து மாவட்டங்களுக்குக் கொண்டுபோகச் சொன்னது. மாவட்ட வைத்தியசாலைகளில் உளமருத்துவ வார்ட்டுகளும் வாராந்தக் கிளினிக்குகளும் அதன் பிறகு பெருகின. 2017 மே மாதத்தில் டிக்கோயாவில் இந்திய உதவியுடன் 150 கட்டில்களோடு எழுந்த வைத்தியசாலையைத் திறந்துவைக்க இந்தியப் பிரதமரே வந்தார். கட்டடம் வந்தது நல்லது. ஆனால் உளமருத்துவத்தில் கருவி என்பது பேச்சு. கொழுந்து பறிக்கும் பெண்ணின் தமிழில் "யோசனையா இருக்கு" என்றால் சிந்தனை அல்ல, துயரம். அது சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதப்படும்போது வெறும் சிந்தனையாகிவிடும். துணைக்கு வந்த கணவரோ மாமியாரோ மொழிபெயர்ப்பாளராக நின்றால், எதைச் சொல்ல அவள் வந்தாளோ அதைத் தவிர மற்றெல்லாம் மொழிபெயர்க்கப்படும்.

இன்னொன்றும் உண்டு. உளமருத்துவ வார்ட்டிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்களே மிகவும் ஆபத்தான காலம் என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. அந்த வாரங்களில்தான் கிளினிக்குக்கு வரச் சொல்வார்கள். கிளினிக் நாளன்று மலைக்குப் போகாவிட்டால் செக்ரோலில் பேர் விழாது. பஸ்ஸுக்கும் காசு வேண்டும். இரண்டு கிளினிக் போவார்கள், மூன்றாவதில் நின்றுவிடுவார்கள். நோயாளி ஒத்துழைக்கவில்லை என்று அட்டையில் எழுதப்படும். ஒரு நாள் பேரைத் தோட்டம் விட்டுக்கொடுத்தால், அல்லது சென்னையிலும் கொழும்பிலும் செய்ததுபோல ஒன்பது தொலைபேசி அழைப்புகளைத் தமிழ் தெரிந்த ஒருவர் எடுத்தால், அந்த வாக்கியத்தை எழுத வேண்டியிருக்காது. இதற்குச் செலவு அதிகமில்லை. கேட்பதற்குத் தொழிற்சங்கங்களுக்கு இன்னும் தோன்றாதது வியப்பு.

பத்திரிகைக்காரர் பக்கம் வருகிறேன். 2000ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்கென வழிகாட்டல் வெளியிட்டது: வழிமுறையை விவரிக்காதே, ஒற்றைக் காரணம் சொல்லாதே, உதவி எங்கே கிடைக்கும் என்று எழுது. என் ஐந்தாவது வரி அப்போது பதினெட்டு வயதாகியிருந்தது. காதல் விவகாரம் இன்று சற்றுக் குறைந்திருக்கிறது. அதற்குப் பதில் நம் இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் இன்னொரு அச்சு வாசகம் வந்து அமர்ந்துவிட்டது: "தவறான முடிவெடுத்து உயிரை மாய்த்துள்ளார்". நாகரிகமாகச் சொல்வதாக எண்ணம். அரை மணி நேரமும் யோசிக்க முடியாமல் போனவரை, முடிவெடுத்தவர் என்றும், அதைத் தவறாக எடுத்தவர் என்றும் அது எழுதிவைக்கிறது. 302ஆம் பிரிவு சட்டப் புத்தகத்திலிருந்து போய்ச் செய்தித்தாளுக்குள் குடிவந்ததுபோல எனக்குப் படும்.

அட்டனிலிருந்து எழுதும் இளம் நிருபர் ஒருவர் தம் செய்திகளை மொழி பார்த்துத் தரும்படி அவ்வப்போது எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். சென்ற மழைக்காலத்தில் வந்த ஒன்றில் அந்த வாசகம் இருந்தது. எடுத்துவிடச் சொன்னேன். "அப்ப என்னன்னு எழுதுறதுங்க ஐயா?" என்று கேட்டார். பெயரும் தோட்டமும் வேண்டாம், எப்படி என்பது வேண்டாம், ஏன் என்பது நமக்குத் தெரியாது. அடியில், பேசத் துணை வேண்டுவோர் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம் என்று போடுங்கள் என்றேன். சிறிது நேரத்தில் திருத்தி அனுப்பினார். நான்கு வரிகள் இருந்தன.